மேஸ்திரி ஒளித்து வைத்த கோப்பைகள்

வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களைக் கவனித்துக்கொள்ளப் போகும் இளம் மருத்துவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. விருத்தாசலத்தில் கடைத்தெருவை ஒட்டி ஒரு சின்ன கிளினிக் வைத்து, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து எழுதியே காலத்தை ஓட்டியவள். ஆனால் உங்கள் பெரிய நிபுணர்கள் கட்டுரை எழுதும்போது, 'அறுவைக்குப் பின் வலிப்பு நின்றுவிட்டது' என்று ஒரு வரி போடுகிறார்களே, அந்த வரி எங்கிருந்து வருகிறது தெரியுமா? என்னைப் போன்ற ஒருத்தி எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து எழுதி அனுப்பும் கடிதத்திலிருந்து வருகிறது. அந்தக் கடிதத்தை நான் ஒருமுறை தப்பாக எழுதினேன். ஒருமுறை என்ன, ஐந்து முறை. அதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், ஆனால் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அறுபதுகளின் கடைசி அது. ஊரில் பீங்கான் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ஜமால் அப்படி ஒரு பட்டறையில் கோப்பைகளுக்குக் கோடு போடுகிறவர். மங்கலம்பேட்டைக்காரர், இருபத்தாறு வயது இருக்கும், தினமும் பஸ்ஸில் வந்து போவார். சுழலும் தட்டின் நடுவே கோப்பையைக் கவிழ்த்து வைத்து, இடது கையால் தட்டைச் சுற்றிவிட்டு, வலது கையில் தூரிகையை அசையாமல் பிடித்துக்கொள்வார். கோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது விளிம்பில் நீலக்கோடு ஒன்று விழுந்திருக்கும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியாது. அந்தப் பட்டறையில் அப்படிக் கோடு போட வேறு ஆள் கிடையாது.

அவருக்குச் சின்ன வயதில் கடுமையான காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து தொடர்ந்து வர ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு என் கையில் இருந்தவை இரண்டே மாத்திரைகள். இரண்டையும் கொடுத்தேன், அளவை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். ஈறு வீங்கியது, பகலெல்லாம் தூங்கி வழிந்தார், வலிப்பு மட்டும் நின்றபாடில்லை. மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது தடாலென்று விழுவார். விழும்போது நெற்றி, புருவம், முழங்கை என்று ஏதாவது ஒன்று கிழியும். அவருக்குத் தையல் போட்டுப்போட்டே எனக்குக் கை பழகியது.

ஒருநாள், வலிப்பு வருவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறி வர்றாப்புல இருக்குது டாக்டரம்மா. அப்புறம் கருகுன வாசனை வருது. சில நாளு விழாதப்பவும் அந்த வாசனை வருது."

"சூளைக்குப் பக்கத்துல வேலை செஞ்சா கருகின வாசனை வராம மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஒரு நல்ல தடயத்தைக் குப்பையில் போட்டேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டில் ஒரு கட்டளை இருந்தது. நின்றபடி குழந்தையை ஜமாலிடம் கொடுக்கக் கூடாது. அவர் தரையில் பாயில் உட்கார வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும், அப்புறம்தான் மடியில் வைப்பார்கள். அவர் மனைவி மைமூன் இதை என்னிடம் சொல்லும்போது ஜமால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில், மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு மூளையில் கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எழுதிக் கேட்டேன், அனுப்பச் சொன்னார்கள். தலையெல்லாம் கம்பி ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, வலது பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியில்தான் கோளாறு, எடுத்துவிடலாம் என்றார் அங்கிருந்த அறுவை நிபுணர். மைமூன் என் மேசைக்கு முன்னால் அழுதார். "தலையைத் தொறந்தா மனுசன் மனுசனா திரும்பி வருவாங்களா டாக்டரம்மா?" என்றார். அப்படி ஒரு நோயாளியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஜமால்தான் பதில் சொன்னார். "என் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் தனியா தெருவுல நடக்கணும். அதுக்குத்தான் தலையைக் குடுக்கறேன். போயிட்டு வரேன் டாக்டரம்மா."

போய்விட்டு வந்தார். மொட்டைத் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, மெலிந்து, ஆனால் முழு மனுஷராக வந்தார். அந்த நிபுணர் என்னை நேரில் பார்த்ததே இல்லை. இருந்தும் என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் ஜமாலைப் பார்த்து, எத்தனை முறை வலிப்பு வந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜமால் வந்து உட்காருவார். "விழுந்தீங்களா?" என்பேன். "இல்லீங்க" என்பார். உண்மைதான், அறுவைக்குப் பிறகு அவர் ஒருமுறைகூட விழவில்லை. நெற்றியில் புதுத் தழும்பு இல்லை. நான் மணிமணியாக 'வலிப்பு இல்லை' என்று எழுதி உறையில் போடுவேன். ஐந்து கடிதங்கள் அப்படிப் போயின. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி நிபுணர் எழுதினார், குறைத்தேன். தலையில் அறுவை செய்துகொண்ட ஆளை எழுத்து இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது என்று பட்டறை முதலாளி சொன்னதால், 'வலிப்பு முற்றிலும் நீங்கியது, எந்த வேலையும் செய்யலாம்' என்று சர்டிபிகேட்டும் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் நடந்த நடையைப் பார்த்தால் அறுவை செய்ததே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

ஜமாலுக்கும் நிலை கொள்ளவில்லை. சூளைக்குத் தீ போடும் வேலைக்குத் தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார். பட்டறையில் அதுதான் மதிப்பான வேலை. ஒரு தீ தப்பினால் அத்தனை பேரின் உழைப்பும் வெடித்துப் போய்விடும், அதனால் அங்கே எல்லாரையும் விடமாட்டார்கள். "வர்ற பெருநாளைக்கு மாத்திரையும் நின்னுடும், புள்ளையத் தூக்கிக்கிட்டுத் தொழுகைக்குப் போவேன்" என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியான வேளை. கூட்டம் முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். பட்டறை மேஸ்திரி கோவிந்தன் வந்தார். வேப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஐம்பது வயது, பேச்சு குறைச்சல். கையில் வைக்கோல் போட்டு மூடிய கூடை. நான் ஏதோ அன்பளிப்பு என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வைக்கோலை விலக்கி, நோயாளிகளைப் படுக்க வைத்துப் பார்க்கும் கட்டிலில் கோப்பைகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் கோடு போட்டுச் சூளைக்குப் போகாத கோப்பைகள்.

"மேஸ்திரி, என்ன இது? கடை போடற எடமா இது?" என்று சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும்.

"கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா. பாத்துட்டுத் திட்டுங்க."

பார்த்தேன். எல்லாம் ஜமால் போட்ட கோடுகள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் கோடு நின்று, நீலம் கட்டியாகத் தடித்து, கொஞ்சம் கீழே வழிந்து, பிறகு எதுவும் நடக்காததுபோல மறுபடியும் நேராகப் போயிருந்தது.

"சக்கரம் நின்னுடுங்க, கைய எடுக்கறதில்ல. பிரஸ்ஸு அதே எடத்துல இருக்கும். கண்ணு எங்கயோ பாக்கும். வாயி சும்மா எதையோ மெல்லும். நூறு எண்றதுக்குள்ள சரியாப் போயிடும். அவனுக்கே தெரியாது. கோப்பையப் பாத்தா, 'கலர் தண்ணியாப் போச்சு அண்ணே'ம்பான்."

ஆளை விழ வைக்காத சின்ன வலிப்பு அது; விழாத நாளிலும் வந்த கருகல் வாசனை அதன் அடையாளம். பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஜமாலிடம் ஒருநாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் இருக்கிறவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கோப்பைகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அதே நீலத்தால் தேதி. சூட்டில் நிறம் மாறினால் எந்த நாள் கலவை என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு கோப்பையிலும் தேதி போடுவது பட்டறை வழக்கமாம். தேதிப்படி பிரித்து அடுக்கினேன். அறுவைக்கு முந்தைய மாதங்களின் கோப்பைகள் கட்டிலில் பாதியை அடைத்துக்கொண்டன. அறுவைக்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருந்தது, ஒரு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் நான் மாத்திரையைக் குறைத்த பிறகு மறுபடியும் ஏறியிருந்தது. என் ஐந்து கடிதங்களும் சொல்லாததை அந்தக் கட்டில் சொல்லிவிட்டது.

"இத்தனை நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

கோவிந்தன் சொன்னார்: "சர்டிபிகேட் குடுக்கறது நீங்கதானே டாக்டரம்மா. உங்ககிட்ட சொன்னா அவன் வேலை போயிடாதா? தப்பாப் போன கோப்பைய ஒடைச்சுடணும்னு மொதலாளி உத்தரவு. ஒடைக்க மனசு வரல. யார் கண்ணுலயும் படாம பரண்மேல வெச்சிட்டேன். இப்ப அவன் தீ போடற எடத்துக்கு வரேங்கறான். அங்க நூறு எண்ற நேரம் அவன் அவனா இல்லன்னா என்னாவுறது? வேலை போனாலும் ஆளு இருக்கணும்ல."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த மனுஷர் என்னிடம் மறைத்தது அறியாமையால் இல்லை. என்னை நன்றாக அறிந்திருந்ததால் மறைத்தார். வலிப்பு இருக்கிறது என்றால் வேலைக்கு ஆகாது என்று எழுதும் டாக்டர் நான். வைத்தியம் பார்க்கிற கையும் வேலையைப் பறிக்கிற கையும் ஒன்றாக இருந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள்? அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

கோப்பைகளை மட்டும் நம்பி எழுதவும் மனம் ஒப்பவில்லை. அவசரப்பட்டு ஐந்து தப்பு செய்தாயிற்று, ஆறாவது வேண்டாம். மறுநாள், அங்கே செய்கிற பீங்கான் பொம்மை ஒன்று வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போய், ஜமாலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. அழகழகாகக் கோடு விழுந்துகொண்டிருந்தது. எனக்கே சந்தேகம் வந்து எழுந்திருக்கப் பார்த்தபோது, சுழல்தட்டு நின்றது. தூரிகை அதே இடத்தில் நின்றது. ஜமாலின் கண்கள் என்னைத் தாண்டி எங்கோ போயின. உதடுகள் மென்றன. "ஜமாலு" என்று கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, தட்டைச் சுற்றி, மீதிக் கோட்டைப் போட்டு முடித்தார்.

"எந்தப் பொம்மை புடிச்சிருக்குது டாக்டரம்மா?" என்றார்.

நான் ஏதோ ஒரு மயிலைக் காட்டினேன். அந்த மயில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, கழுத்து கொஞ்சம் கோணல்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மைமூனையும் மேஸ்திரியையும் கூட வைத்துக்கொண்டு, கிளினிக்கில் உட்கார வைத்துச் சொன்னேன். என் தப்பை முதலில் சொன்னேன். பெருநாள் கணக்கு, மாத்திரைக் கணக்கு எல்லாம் அவர் முகத்தில் ஒன்றொன்றாகச் சரிவதைப் பார்த்தேன்.

"அப்ப நான் தலையைக் குடுத்தது வேஸ்டா?" என்றார்.

வாயால் சமாதானம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். கோப்பைகளைக் காட்டினேன். அவர் தொழிலாளி. தன் கோட்டைத் தானே படித்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தேதி பார்த்து, அறுவைக்கு முந்தையதை இந்தப் பக்கமும் பிந்தையதை அந்தப் பக்கமும் வைத்தார். இந்தப் பக்கம் குவிந்தது. அந்தப் பக்கம் கட்டிலின் ஓரத்தில் கொஞ்சமே கொஞ்சம். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ போயிருக்கா எனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "எல்லாத்தையும் ஒடைக்காம வெச்சிருந்தியா அண்ணே?" என்றார். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் ஏதோ தேடுகிற மாதிரி மேசை இழுப்பறைக்குள் குனிந்தேன்.

அன்றே இரண்டு காகிதங்கள் எழுதினேன். ஒன்று முதலாளிக்கு. பழைய சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கோடு போடும் வேலைக்கு இவர் முழுத் தகுதி, தீயும் உயரமும் மட்டும் கூடாது என்று எழுதினேன். முடியாது, முடியும் என்று இரண்டே வார்த்தைகளில் ஒரு மனுஷரை அடைக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. முதலாளி படித்துவிட்டு முணுமுணுத்தார், ஆனால் ஜமாலை வைத்துக்கொண்டார். அந்தக் கோடு அவருக்கு வேண்டும்.

இன்னொன்று சென்னைக்கு. அது கஷ்டமான கடிதம். நான் இதுவரை அனுப்பிய ஐந்தும் தவறு, விழுந்ததை மட்டும் எண்ணினேன், மற்றதைக் கேட்கவில்லை என்று எழுதி, கருகல் வாசனையையும் கோப்பைகளின் கதையையும் சேர்த்தேன். அந்தக் கடிதத்தில் மட்டும் என் கையெழுத்து அழகாக இல்லை. நிபுணர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதில் நாலே வரியில் வந்தது. மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். கருகல் வாசனையைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மேஸ்திரிக்கு என் வணக்கம் சொல்லுங்கள். கோப்பைகளில் இரண்டை உடையாமல் கட்டி எனக்கு அனுப்புங்கள், இங்கே மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அந்த நாலு வரிக்கு நான் அவருக்கு ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். ஒரு சொல் திட்டியிருந்தால்கூட அடுத்த தப்பை நான் மறைத்திருப்பேன்.

மாத்திரை ஏறியது. நான் கேட்கும் கேள்விகளும் மாறின. மைமூனைக் கேட்டேன், மேஸ்திரியைக் கேட்டேன், கடைசியில்தான் ஜமாலைக் கேட்டேன். மாதத்துக்கு ஒருமுறை கோவிந்தன் கூடையோடு வருவார். ஒருமுறை கூடையில் ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் கூடையே கொண்டுவரவில்லை. "வாசனை வருதா?" என்று ஜமாலைக் கேட்டேன். "சூளை எரியறப்ப மட்டுந்தான் வருது டாக்டரம்மா" என்றார். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை. அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

மாத்திரை நிற்கவில்லை. தீ போடும் வேலையும் கிடைக்கவில்லை. அந்தப் பெருநாளும் போய், அடுத்த பெருநாளும் போனது. அதற்குப் பிறகு ஒரு காலை, கதவைத் தள்ளிக்கொண்டு ஜமால் உள்ளே வந்தார். தோளில் குழந்தை. அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"கூட யாரு வந்தாங்க?" என்றேன்.

"யாருமில்லீங்க. நானும் இவளுந்தான். வூட்லேர்ந்து பஸ்ஸேறி, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வந்தோம்." சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை.

தற்செயலாகச் சன்னல் வழியே பார்த்தேன். எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் மேஸ்திரி கோவிந்தன் குனிந்து சைக்கிள் செயினைச் சரிசெய்துகொண்டிருந்தார். செயின் நன்றாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜமாலுக்குப் பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஜமாலிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் சென்னைக்கு எழுதும்போது விடாமல் எழுதினேன்: 'வலிப்பு இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஸ்திரிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.' அடுத்த முறையும் வேப்பமரத்தடியில் செயின் கழன்றிருந்தது. அதையும் எழுதினேன்.

அறுவை பலித்ததா என்று எதை வைத்துச் சொல்வது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கு இப்போது படம் எடுக்க எவ்வளவோ கருவிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பாருங்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். அதற்கடுத்த முறை வாசலில் ஜமாலின் குரல் கேட்டதும், நான் அவரைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தேன். மரத்தடியில் யாரும் இல்லை.